கடைசித் தேதி

ஜூலை 4

அன்புள்ள அண்ணா,

அம்மாவுக்கு நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது. இந்த வீட்டில் அதுவே நல்ல செய்தி. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் விட்டதா?

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. மூன்றாவது தடவை. தபால்காரர் நீட்டும்போதே உறையின் கனத்தில் தெரிந்துபோயிற்று. உள்ளே ஒரே தாள். ‘தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’ காரணம் எழுதவில்லை. வருந்துகிறவர்கள் எதற்காக வருந்துகிறோம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். மே மாதம் பத்தாம் தேதி பதிவுத்தபாலில் அனுப்பினேன். ரசீது இருக்கிறது. அந்தப் பேராசிரியர், குழாய்த் தண்ணீரில் கலக்கும் ஈயத்தைப் பற்றி எழுதியிருக்கும் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஆறு வருஷமாகப் பரிசோதனைக்கூடத்தில் நாளுக்கு நாற்பது பாட்டில் தண்ணீர் பார்க்கிறேன். அவருக்கு என்னைவிடத் தோதான ஆள் யார் கிடைத்துவிடப் போகிறார்கள்? நானே என்னைப் புகழ்ந்துகொள்கிறேன். வேறு யாரும் அதைச் செய்கிற மாதிரி தெரியவில்லை.

எங்கே தவறினேன் என்று நேரில் விசாரித்து எழுது. மொழிபெயர்ப்பா, மருத்துவச் சான்றிதழா, தேதியா? அடுத்த வருஷம் எனக்கு இருபத்தொன்பது. முப்பதுக்கு மேல் உதவித்தொகை கிடையாது என்று நீதானே எழுதியிருந்தாய்.

அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். பக்கத்து வீட்டுத் தையற்கார அக்கா, நான் போனால் இங்கேயே வந்து தங்கி இரண்டு வருஷம் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

மண்டு


ஆகஸ்ட் 11

அன்புள்ள மண்டு,

இருமல் போய்ச் சளி குடி வந்திருக்கிறது. மற்றபடி சுகம். அங்கே நீங்கள் இருவரும் அப்படியே இருக்கவேண்டும்.

மனசை விட்டுவிடாதே. நேரில் போய்க் கேட்டேன். பேராசிரியருக்கு உன்மேல் குறையே இல்லையாம். மொழிபெயர்ப்புதான் காலை வாரிவிட்டது. கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டது இங்கே செல்லாது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வைத்துத் தரவேண்டும். மருத்துவச் சான்றிதழும் பழசாக இருக்கக்கூடாது. ஏப்ரல் கடைசியில் எடு. எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு மே மாதம் அனுப்பு. ஜூன் முப்பதுதான் கடைசித் தேதி. முந்திக்கொண்டு அனுப்பினால் கோப்பு அடியில் போய்விடும். இங்கேயும் மேலே இருப்பதைத்தான் முதலில் எடுப்பார்கள். அலுவலகம் எந்த நாட்டில் இருந்தால் என்ன!

இன்னொன்று. பல்கலைக்கழகத்துக்கு நீயாக ஒன்றும் எழுதாதே. இரண்டு பக்கமிருந்தும் கடிதம் போனால் குழப்பம்தான் மிஞ்சும். எதுவானாலும் என் வழியாகவே போகட்டும்.

வேலைக்கு நடுவிலும் ஓடிவந்து அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கிறாய் அல்லவா? முதுகில் புண் வந்தால் ஆறாது. உன்னைப்போல யாராலும் பார்க்கமுடியாது. தையற்கார அக்கா நல்லவள்தான். ஆனாலும் பெற்ற பெண் கை வேறு.

எனக்குப் பகலில் ஒரு அலுவலகத்தில் எழுத்துவேலை, மற்ற நேரம் ஆய்வு. இரண்டும் இழுக்கின்றன.

அண்ணன்


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் முதுகு துடைத்த பலகை மாதிரி இருக்கிறது, புண் இல்லை. உன் சளிக்குக் காது மூடிக்கொள்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் விடுப்பு ஆயிற்று. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கால் ஆடுகிறது. என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, “என்னம்மா கொலைக் கேஸா, சொத்துக் கேஸா?” என்றார். “படிக்கப் போறேன் சார்” என்றேன். “படிப்புக்கு யாரும் எங்கிட்ட வந்ததே இல்லையேம்மா. முதல்வர் கையெழுத்தே போதுமே. யார் உங்களை இங்க அனுப்பினது?” என்றார். “எங்க அண்ணன் அங்கேயே இருக்கார், அவருக்குத் தெரியும்” என்றேன். முப்பத்தெட்டு முத்திரை வைத்தார்.

அம்மாவிடம் தையற்கார அக்கா விஷயத்தை மறுபடியும் சொன்னேன். இப்போது பேச்சு கொஞ்சம் தெளிவாகவே வருகிறது. “எப்போ போறே?” என்றாள். “இன்னும் எடமே கிடைக்கலையேம்மா.” “கிடைக்கும், கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று மத்தியானம் வாயில் ஒன்றும் வாங்கவில்லை. பாவம், அவளுக்கும் பிரிவு பிரிவுதானே.

அம்மாவுக்கு ஊசி போட வரும் கம்பவுண்டரின் மகளும் அங்கே படிக்க ஆசைப்படுகிறாள். என்னிடம் வந்து வழி கேட்கிறாள். மூன்று தடவை மூழ்கினவளிடம் நீச்சல் கற்றுக்கொள்ள வந்திருக்கிறது அந்தப் பெண். நீ எழுதியதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

மண்டு


நவம்பர் 25

அன்புள்ள மண்டு,

குளிர் தொடங்கிவிட்டது. விரல் விறைத்து எழுத்து கோணினால் மன்னித்துக்கொள். அம்மாவுக்கு வெந்நீர்ப் பை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். மூடியை நன்றாகத் திருகிப் பார்த்தபிறகு வை.

இந்த வருஷமும் என்னால் வரமுடியாதுபோல் இருக்கிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

முத்திரையெல்லாம் வாங்கியது நல்லது. இனி ஏப்ரல் வரை உனக்கு வேலையில்லை, நிம்மதியாக இரு. கம்பவுண்டர் மகளை உன்னோடு சேர்த்துக்கொண்டு அலையாதே. ஊருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தால் உன் காரியம் நின்றுபோகும். அவளுக்கு என் முகவரியைக் கொடுக்கவேண்டாம்.

அண்ணன்


ஜனவரி 17

அன்புள்ள அண்ணா,

வெந்நீர்ப் பை வந்தது, அம்மாவுக்கு இதமாக இருக்கிறதாம். நீயும் குளிருக்குப் பழகியிருப்பாய். ஏழு வருஷம் ஆயிற்றே.

கம்பவுண்டர் மகள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு தபால் அட்டை போட்டிருக்கிறாள். மூன்று வாரத்தில் ஒரு புத்தகம் வந்துவிட்டது, இலவசமாக. ‘அயல்நாட்டு மாணவர் வருமுன் அறியவேண்டியவை.’ அறுபத்திநாலு பக்கம். நேற்று எனக்குப் படிக்கக் கொடுத்தாள்.

நல்ல தாள், நல்ல அச்சு. எந்தப் பேருந்தில் ஏறுவது, எத்தனை கம்பளிச் சட்டை, அறை பார்க்கும்போது ஜன்னல் மூடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது, எல்லாம் இருக்கிறது. படிக்கிறவன் தன் தம்பி தங்கை என்று நினைத்துக்கொண்டு எழுதினமாதிரி இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில்: ‘விண்ணப்பங்கள் மார்ச் முதல் தேதிக்குள் வந்து சேரவேண்டும். பத்து ஆண்டுகளாக இத்தேதியில் மாற்றமில்லை.’ அதற்குக் கீழே: ‘மொழிபெயர்ப்புக்குக் கல்லூரி முதல்வரின் கையொப்பம் போதும். மருத்துவச் சான்றிதழை இடம் கிடைத்தபின் அனுப்பலாம். ஐயங்களை நேரடியாக எழுதிக் கேட்கவும், பிறர் வழியாக வேண்டாம்.’

கடைசிப் பக்கத்தில் தொகுத்தவர் பெயர் போட்டிருக்கிறது. அயல்நாட்டு மாணவர் பிரிவு, எழுத்தர். உன் பெயர். அப்பாவின் முதலெழுத்தும் அதே. ஒரே பெயரில் உலகத்தில் எத்தனை பேர்!

இந்த வருஷம் நான் விண்ணப்பம் போடப்போவதில்லை, அண்ணா. நீ சிரமப்படவேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

தங்கை


மார்ச் 29

அன்புள்ள மண்டு,

இங்கே எனக்குச் சுகம்தான். அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை.

அந்த மாதிரிப் புத்தகங்களில் பொதுவாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆளுக்கு ஆள், துறைக்குத் துறை மாறும். அதை விடு. இந்த வருஷம் வேண்டாம் என்று நீ முடிவெடுத்தது ஒருவகையில் சரிதான். உடம்புக்கும் ஓய்வு வேண்டாமா?

ஒரு நல்ல சேதி. ஆகஸ்டில் என் பரீட்சை முடிகிறது, ஊருக்கு வரலாம் என்றிருக்கிறேன். பரீட்சையைத் தள்ளிப்போட்டு மே மாதமே வரவும் முடியும், ஒரு வருஷம் வீணாகும், அவ்வளவுதான். எப்போது வந்தால் நல்லது? அம்மா உடம்பைப் பார்த்து நீயே ஒரு தேதி சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். முன்னைவிட நிறைவாகச் சாப்பிடுகிறாள். டாக்டர் போன வாரம் வந்து பார்த்துவிட்டு, இப்படியே பத்து வருஷம் ஓடும் என்றார்.

பரீட்சையைத் தள்ளிப்போடாதே. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். முடித்துவிட்டு ஆகஸ்ட் இருபதாம் தேதி வா. மே மாதம் வெயில், ஜூலையில் விமானத்தில் இடம் கிடைக்காது, ஆகஸ்ட் முதல் வாரம் எனக்கு அலுவலகத்தில் தணிக்கை. இருபதுதான் சரியான தேதி. இருமல் மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள். வரும் வழியில் ஒன்றும் வாங்கவேண்டாம், எல்லாம் இங்கே இருக்கிறது.

தங்கை


ஜூன் 19

அன்புள்ள மண்டு,

இங்கே சுகம். இருபதாம் தேதிக்கே சீட்டு வாங்கிவிட்டேன். ஆனாலும் ஒரு வாரமாக மனசு சரியில்லை. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் அம்மா என்ன சொன்னாள், எதற்குச் சண்டை பிடித்தாள் என்று இரண்டு பக்கம் எழுதுவாய். இப்போது ‘நன்றாக இருக்கிறாள்’ என்று ஒரு வரி.

நிஜமாகச் சொல், அம்மாவுக்கு ஒன்றுமில்லையே? ஜூலை பத்து வரை சீட்டை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வார்த்தை எழுது, போட்டது போட்டபடி கிளம்பிவிடுகிறேன். என்மேல் கோபம் இருந்தால் அதை நான் வந்தபிறகு வைத்துக்கொள். இதில் காட்டாதே.

அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பு தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். சீட்டை மாற்றவேண்டாம். அம்மா உன்னை நிதானமாக வரச்சொன்னாள்.

தங்கை


ஆகஸ்ட் 18

அண்ணா,

இதைக் கம்பவுண்டரிடம் வீட்டுச் சாவியோடு கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ வாசலில் பெட்டியோடு நின்று படிப்பாய். உட்கார்ந்து படி. பயணம் செய்து வந்திருக்கிறாய்.

அம்மா இறந்து இன்றைக்கு இருபது நாள் ஆகிறது. ஜூலை இருபத்தொன்பது, காலை ஏழு மணி. மறுநாள் அடக்கம்.

மே மூன்றாம் தேதி இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்தது. “மகன் வெளியூர்ல இருந்தா வரச்சொல்லிடுங்க. ரெண்டு மாசம், மிஞ்சிப்போனா மூணு” என்றார் டாக்டர். பதின்மூன்று நாள் கழித்துத்தான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதும்போது அவள் எனக்குப் பின்னால் படுத்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். என் கை நடுங்கவில்லை. அதை உனக்குச் சொல்லவேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். “அவன் வந்துட்டானா?” என்பாள். “வந்துக்கிட்டே இருக்கான்மா” என்பேன். ஜூன் முழுக்க இதுதான். ஒருநாள், “அவன் வரட்டும்டி. வந்தா உனக்கு ஒரு விஷயம் சொல்லச் சொல்றேன். என் வாயால சொல்லமுடியாது” என்றாள். உடம்பு கெட்டால் பேச்சும் கெடும் என்று விட்டுவிட்டேன். கடைசி வாரத்தில் கம்பவுண்டரையே நீ என்று நினைத்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே அரைமணி நேரம் குனிந்து நின்றார். “தந்தியாவது அடிம்மா” என்று என்னிடம் கெஞ்சினார். அடித்துவிட்டேன் என்று அவரிடமும் பொய் சொன்னேன்.

இது அம்மாவுக்குச் செய்த பாவம் என்று எனக்குத் தெரியும். உன்னை அடிக்க வேறு கோல் கிடைக்கவில்லை. மூன்று வருஷம் தவறான தேதிக்குக் காத்திருந்தவள் நான். ஒரு தடவை நீயும் காத்திருந்து பார்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் உனக்கு எழுதிய அன்றே, உன் மேசைக்கு வராதபடி, பேராசிரியர் பெயருக்கு நேரே அனுப்பினேன். மூன்று வாரத்தில் சம்மதக் கடிதம் வந்தது. ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டிருந்தார். முதலில் தையற்கார அக்காவை வைத்துவிட்டுப் போவதாகத்தான் இருந்தேன். இப்போது அதற்கும் அவசியமில்லை. நாளைக்கு விமானம். நீ இறங்கும்போது நான் ஏறியிருப்பேன்.

என்னைத் தேடாதே. அறை, பேருந்து எல்லாம் எனக்குத் தெரியும். உன் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறாய்.

இப்படிக்கு,
தங்கை


செப்டம்பர் 9

தங்கைக்கு,

விடுதி முகவரியை உன் பதிவுப் படிவத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். சுகம் விசாரிக்கும் நிலையில் நாம் இருவரும் இல்லை.

கம்பவுண்டர் சாவியைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. வாசற்படியில்தான் படித்தேன். உள்ளே அம்மாவின் கட்டில் வெறும் பலகையாக இருந்தது. மூன்று நாள் அதன்மேல் படுத்திருந்தேன். அதற்குமேல் அங்கே எனக்கு என்ன வேலை? திரும்பிவிட்டேன்.

வந்திறங்கி ஏழு நாளுக்குள் என் அலுவலகத்தில் வந்து பதியவேண்டும் என்பது சட்டம். நீ ஆறாம் நாள் வந்தாய். அன்று என்னோடு வேலை செய்யும் பெண் விடுப்பு. வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றாய். இளைத்திருந்தாய். பதினோரு பேரை முடிக்கும்வரை தலைநிமிராமல் இருந்தேன். பிறகு நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாய். படிவத்தில் உள்ளதை வரிசையாகக் கேட்டேன். தாய் தந்தை? “இல்லை.” நெருங்கிய உறவினர் யாராவது இந்த நாட்டில்? என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, “யாரும் இல்லை” என்றாய். நானும் ‘இல்லை’ என்றே எழுதி முத்திரை வைத்தேன். முத்திரை கோணலாக விழுந்தது. உனக்குப் பின்னால் நின்ற பையன் தண்ணீர் வேண்டுமா என்று என்னைக் கேட்டான்.

நான் நல்லவன் என்று சொல்லவரவில்லை. நீ அங்கே இருந்தது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. நீ இருக்கிறாய் என்றுதான் ஏழு வருஷம் இங்கே நிம்மதியாகத் தூங்கினேன். அதற்கு என்ன தண்டனையானாலும் தகும்.

ஆனால் இதோடு இருக்கும் கடிதம் ஏறக்குறைய நாலு வருஷமாக என்னிடம் இருக்கிறது. அம்மா சொல்லக் கம்பவுண்டர் எழுதியது. உனக்கு இதைக் காட்டுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதம் நானே வந்து அம்மாவை வைத்துக்கொண்டு, இனி உன்னைப் போகவிடலாம் என்று அவளிடம் கேட்கத்தான் இருந்தேன். அன்று உனக்கு முத்திரை வைத்தபிறகு, இதை நான் மட்டும் ஏன் சுமக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. இரக்கத்தினால் அனுப்பவில்லை. நீ எனக்குச் செய்ததும் இரக்கத்தினால் இல்லையே.

அண்ணன்


ஜனவரி 22

என் ராசாவுக்கு அம்மா சொல்லி எழுதுறது. கம்பவுண்டர் தம்பி எழுதுறாரு, பிழை இருந்தா அவரைக் கேளு. நான் இருக்கேன். இடது கை மட்டும் அசையுது. நீ வேளைக்குச் சாப்பிடுறியா?

தங்கச்சி வேலைக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள இதைச் சொல்லி முடிக்கணும். அவளும் அங்க படிக்க வரணும்னு துடிக்கிறா. உங்கிட்டதான் வழி கேப்பா. நீ அவளை வரவிடாதேடா. வரக்கூடாதுன்னு நேரா சொல்லாதே, அவ பிடிவாதக்காரி, எப்படியும் வந்துருவா. ஏதாவது காரணம் சொல்லு. தேதி முடிஞ்சிடுச்சுன்னு சொல்லு. காகிதம் சரியில்லைன்னு சொல்லு. உனக்குத் தெரியாததா?

தையக்காரியை வச்சிட்டுப் போறேங்கறா. கூலிக்கு வர்றவ என்னைப் புரட்டிப் போட்டுத் துடைக்கணுமா? நான் அம்மணமாக் கிடக்கிறதை ஊரா பாக்கணும்? இவ கை படும்போதுதான் நான் இன்னும் மனுஷின்னு தோணுது. நீ வரலைன்னாகூடப் பரவாயில்லை. உன்னைப் பாக்காம நான் இருந்துக்குவேன். அவ போயிட்டா ஒரு நாள் தாங்கமாட்டேன்.

இது பாவம்தான். பாவம்னு தெரிஞ்சேதான் சொல்றேன். நான் கண்ணை மூடினதும் நீயே அவகிட்டச் சொல்லி, அவளை அங்க கூப்பிட்டுக்கோ. ரொம்ப நாள் ஆகாது, நான் சீக்கிரமா போயிடுவேன்.

நீ பயப்படாதே. அவ ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டா. நீ என்ன சொன்னாலும் அப்படியே நம்புவா.